பார்ச்சு இலையில் உட்கார்ந்தவள்

மலாக்காவின் காஜா பேராங் தெருவில் காலையில் வாசலைத் தாண்டினால் போதும், எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "சுடா மாக்கான்?" என்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது நமக்கும் பழக்கம்தான். ஆனால் கேட்கிறவளின் நெற்றியில் திருநீறு, முகம் அசல் மலைக்கோட்டைத் தெரு முகம், உடுத்தியிருப்பது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். நான் தமிழில் பதில் சொன்னால் புன்னகை மட்டும் திரும்பி வரும். இவர்கள் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து, சாமியை வைத்துக்கொண்டு மொழியைத் தொலைத்தவர்கள்.

நான் மெட்ராஸில் உளவியல் படித்துவிட்டு, மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தைய வருஷம் இங்கே ஆசிரியையாக வந்தவள். பிற்பாடு குழந்தைகளின் மனநோய், மனப்பகுப்பாய்வு என்று பேராசிரியையாகித் தலைக்கனம் ஏறியது தனிக்கதை. என் தொழில் தொடங்கியது இந்தத் தெருவில், நீலா என்ற ஏழு வயதுப் பெண்ணிடம்.

அந்த வருஷப் போகிப் பண்டிகைக்குப் பிறகு நீலா பேசுவதை நிறுத்தியிருந்தாள். யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு பருக்கைகூடத் தொடமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறினால் மட்டும் இரண்டு வாய். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். பிள்ளை செத்துப்போய்விடும் என்று அவள் அம்மா லெட்சுமி என்னிடம் வந்து அழுதாள். வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்த பொறாமை என்று நான் சட்டென்று முடிவு கட்டினேன். களிமண் கொடுத்து விளையாட விட்டேன். நீலா குட்டிக் குட்டி இலைகள் செய்து வரிசையாக வைத்தாள். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு ஓர் இலைமுன் உட்கார்ந்து, நீ ஏன் இன்னும் உள்ளே இருக்கிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

லெட்சுமியைத் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. போகியன்று செட்டி வீடுகளில் பார்ச்சு நடக்கும். இறந்த பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைத்து, அவர்கள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டுக் குடும்பமே வெளியே காத்திருக்கும். காய்ச்சலில் நீலா அதே அறை மூலையில் போர்வைக்குள் தூங்கியதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோது அவள் ஓர் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் திட்டவில்லை. அன்றிலிருந்து யாரும் அவளைத் தொடவும் இல்லை.

மறுநாள் நீலாவிடம், எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், சாப்பிட்டாயா என்று கேட்டேன். முதன்முறையாக வாய் திறந்தாள்.

"சுடா மாத்தி," என்றாள். செத்தாயிற்று.

குழந்தையின் கணக்கில் பிழையே இல்லை. சாத்திய கதவுக்குள் சாப்பிடுகிறவர்கள் செத்தவர்கள். அவளும் சாப்பிட்டாள்.

கதவைத் திறந்து வைத்து, மகளோடு ஒரே இலையில் சாப்பிடும்படி லெட்சுமியிடம் சொன்னேன்.

"தாக்கோட், சேகு," என்றாள். பயமாயிருக்கிறது டீச்சர் என்று அர்த்தம். கூட உட்கார்ந்தால் செத்தவர்கள் தன்னையும் அழைத்துப் போய்விடுவார்கள் என்று நம்பினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தான் தின்று, மறு வாய் மகளுக்கு ஊட்டினாள். நீலா மென்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

பின்னாளில் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லும்போது கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். நீலா தேறிய பிறகு, அன்று அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். பக்கத்து இலையில் ஓர் அம்மாள் இடது கையால் சாப்பிட்டாராம். ஏதோ பேசினாராம், மலாய் இல்லையாம், இவளுக்குப் புரியவில்லையாம். என் அம்மா பக்கவாதத்தில் வலது கை விழுந்து, இடது கையால் சாப்பிட்டவள். நான் கப்பலேறிய சில மாதங்களில் திருச்சியில் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைத்தபோது நான் பக்கத்தில் இல்லை. இதை மலாக்காவில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. நீலா எங்கிருந்து எடுத்தாள் என்பதற்கு என் படிப்பில் விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்றும் எனக்குப் போதவில்லை.

ஓய்வு பெற்றபின் மறுபடி இதே தெருவுக்கு வந்துவிட்டேன். திருச்சி வீட்டை விற்றாகிவிட்டது, அம்மா வேறு எங்கே போவாள்? போகியன்று ஓர் இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு வாசலில் நிற்கிறேன். தெருவில் போகிற செட்டிப் பெண் "சுடா மாக்கான்?" என்கிறாள்.

"இன்னும் இல்லம்மா. எங்கம்மா உள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க," என்கிறேன் தமிழில்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போகிறாள்.