எல்லா நாட்டுக்கும் ஒரே முகம்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் கையெழுத்தைப் பார்த்தே நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். புதுச்சத்திரத்தில் எங்கள் இளைஞர் மன்றம் குழந்தைகளுக்கு இலவசமாக உலகக் கலை விழா நடத்தியது. பிள்ளைகள் முகத்தில் ஜப்பான், ஆப்பிரிக்கா, மெக்சிகோ என்று அந்தந்த நாட்டு முகமூடியை வரையும் வேலை எனக்கு. எனக்குத் தெரிந்ததோ லாரியில் போடும் திருஷ்டி முகம் ஒன்றுதான். முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் நாக்கு. எல்லா நாட்டுக்கும் அதையே போட்டேன். கைதட்டல் பலம்.

விழா முடிந்து கழுவினால் போகவில்லை. லாரி பெயின்ட் எப்படிப் போகும்? அதில் ஜப்பான் முகம் போட்டுக்கொண்டவள் என் அக்காவின் நான்கு வயது மகள் செல்வி. மறுநாள் காலை அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் என் மடியில்தான் உட்கார வேண்டும்.

அக்கா அழுதே விட்டாள். "ஏன்டா, நாளைக்குச் சாமி முன்னால இந்த மூஞ்சியோடயா புள்ளைய உக்கார வெப்ப?"

"உடுக்கா, எந்தக் கண்ணும் படாது" என்றேன். கரண்டி பறந்து வந்தது.

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் பல்லும் நாக்கும் போயின. மீசை போகவில்லை. மீசையோடுதான் செல்வி மடியில் உட்கார்ந்தாள்.

தட்டார் ஊசியை எடுத்தவர் நிறுத்திவிட்டார். "மீசை வெச்ச பொண்ணுக்குக் காது குத்தறது இதுதாங்க மொதத் தடவை." அக்காவே சிரித்துவிட்டாள்.

இப்போது எந்தச் சாயத்தையும் முதலில் என் முகத்தில் பூசிக் கழுவிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளைத் தொடுகிறேன். இதை நண்பன் பழனியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உன் மூஞ்சிக்குப் பெயின்ட்டே வேண்டாம்டா, அப்படியே லாரியில கட்டிரலாம்" என்றான்.