இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு கல்

நில அளவையை நான் எந்தக் கல்லூரியிலும் பயின்றவன் அல்லன். சங்கிலி பிடித்து வயல் வயலாக நடந்து கற்றவன். வீடு ஸ்ரீரங்கத்தில் என்றாலும், மைத்துனரும் நானும் பாலக்கரையில் ஓர் அறை எடுத்துத் தொழில் நடத்துகிறோம். பழைய வரைபட எண்களைச் செயற்கைக்கோள் கருவி ஏற்கும் எண்களாக மாற்றித் தரும் புரோகிராம் ஒன்று எங்களிடம் உண்டு. அதை எழுதித் தந்தவர் புத்தூரில் வசிக்கும் ஓர் அம்மையார். அவருடைய வேலைத்திறத்தைப் பற்றியே இங்கே எழுத விழைகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் முசிறியில் ஒரு வாழைத் தோட்டத்தின் மூலைக்கல்லைக் காவிரி வெள்ளம் அடித்துச் சென்றது. தோட்டத்துக்காரப் பெண்மணிக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வெகுநாளாகப் பேச்சில்லை. ஊரார் இடையில் புகுந்து, இருவரும் எதிரில் நிற்க மறுநாள் காலை புதுக்கல் நடுவதென்று முடிவாயிற்று.

"அவரு மனசு மாறுறதுக்குள்ள நட்டுடுங்க சார்" என்றார் பெண்மணி தொலைபேசியில்.

மற்ற மூலைகளின் எண்களைப் புரோகிராம் நொடியில் மாற்றித் தந்தது. போன கல்லின் எண்களைக் கொடுத்ததும் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டும் பயனில்லை. மைத்துனர் எண்ணைச் சற்றே மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். உடனே விடை வந்தது.

"ஒரு மயிரிழைதானே அத்திம்பேர். ஆத்தங்கரைச் சேத்துல அதை யார் பார்க்கப் போறா?"

நாங்கள் அழைத்ததும் பிற்பகல் பஸ் ஏறி வந்த அம்மையாரிடம் இதைச் சொன்னோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கல்லை நகர்த்தாதீங்க சார். நகர வேண்டியது என் புரோகிராம்தான்."

நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எண்ணை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருப்பவை கிரிட் ஃபைல்கள். அம்மையார் எதையும் ஊகிக்கவில்லை. புரோகிராம் எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் பெயரைத் திரையில் காட்டும்படி செய்தார். இரண்டே பெயர்கள் மாறி மாறி ஓடின. எங்கள் கல் இரண்டு ஃபைல்களின் கட்டங்களைப் பிரிக்கும் கோட்டின்மீதே இருந்தது. இது அடுத்ததற்கு உரியது என்றது ஒன்று. முந்தையதற்கு உரியது என்றது மற்றொன்று.

"பக்கத்து வீட்டுக்காரா குப்பையை மாத்தி மாத்தித் தள்ற மாதிரின்னா இருக்கு" என்றார் மைத்துனர்.

அம்மையார் சிரித்துவிட்டு, இரு நிலங்களுக்கும் பொதுவான கல்லை எதன் கணக்கில் அளப்பீர்கள் என்று என்னைக் கேட்டார். சர்வே எண்ணில் எது முந்தியதோ அதிலிருந்து அளப்பதே எங்கள் வழக்கம் என்றேன். முந்திய ஃபைலே கோட்டை வைத்துக்கொள்ளும் என்று அவர் திருத்தினார். விடை வந்தது. அதோடு எழவில்லை, கோட்டின்மேல் வேறு பல இடங்களையும் கொடுத்துச் சோதித்த பிறகே கைப்பையை எடுத்தார்.

புது விடைக்கும் மைத்துனரின் விடைக்கும் வேறுபாடு மயிரிழைகூட இல்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவங்க கேட்டா, இருந்த இடத்துலயே வெச்சோம்னு நீங்க சொல்லணும்ல சார்" என்றார் அம்மையார்.

மறுநாள் முசிறியில் அதைக் கேட்டவர் பக்கத்து நிலத்துக்காரர்.

"முன்னப் பின்ன ஏதும் இல்லையே?"

இல்லை என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, கல்லின் ஒரு பக்கத்தைத் தாமே பிடித்தார்.