அப்பா போட்ட நாற்காலி

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல், பரிமாறல் எல்லாம் என் அப்பாதான். அங்கே பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை உண்டு. துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பழைய பேட்டரி ரேடியோவை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்கள் காம்பராவைச் சனி பிடித்துக்கொண்டது.

"ஒரு நாளாச்சும் துரை மாதிரி ஒக்காந்து கேக்கணும்" என்பார் அப்பா. அதே மாதிரி அறை வேண்டுமாம். எங்களுக்கு இருந்ததே ஒரு காம்பரா. சட்டிபானைகளை வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குத் தள்ளினார். சுவர் முழுக்க உரச்சாக்கை விரித்து ஆணி அடித்தார். சாக்கு போதாத இடத்தில் அம்மாவின் கம்பளி.

"சத்தம் சுவத்துல முட்டித் திரும்பக் கூடாது" என்றார்.

"மழையில கொழுந்தெடுக்கப் போறப்ப நான் எதைப் போத்திக்கிறது?" என்றாள் அம்மா.

நடுவில் ஒரே ஒரு நாற்காலி, தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே அடித்தது. எங்கே போட்டால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று நாள்கணக்கில் அதை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் ஒரு சினிமாப் படத்தின் கதைவசனம் கேட்க லயமே திரண்டு வந்தது. காலைக் கழுவு, வெற்றிலை போடாதே, வாயைத் திறக்காதே என்று வாசலிலேயே ஆளுக்கொரு சட்டம் போட்டார் அப்பா.

"படம் கேக்க வந்தோமா, பெரட்டுக்கு வந்தோமா?" என்றார் பக்கத்துக் காம்பரா மாமா. விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிறுத்துவார்களே, அந்தப் பெரட்டு. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எனக்கு மானம் போயிற்று. நாளைக்கு எந்த முகத்தோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவது?

காலி அறையில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. "நீ ஒக்காரும்மா" என்று அப்பா என்னிடம் நாற்காலியைக் காட்டினார். எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். பாட்டு என் பக்கத்தில் வந்து நின்று பாடியது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு துல்லியம். அதைச் சொல்லத் திரும்பினேன்.

அப்பா கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாயாமல் நின்றிருந்தார். இத்தனை வருஷமும் பங்களாவில் அவர் பாட்டுக் கேட்டது அந்த இடத்தில் நின்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க ஒக்காருங்கப்பா" என்று எழுந்தேன்.

"இருக்கட்டும். எனக்கு இங்கயே நல்லா கேக்குது."

அதுவரை அவரை நினைத்து வெட்கப்பட்டவளுக்கு, இப்போது அந்த நாற்காலியில் இருப்பதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் சொல்லைத் தட்ட முடியாமல் மறுபடி உட்கார்ந்தேன். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தரையில் வைத்தேன்.

பாட்டு இன்னும் முடியவில்லை. காலடிச் சத்தமே இல்லாமல் வந்து, அப்பா அந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.