காரம் தூக்கலா ஒரு பார்சல்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து திருவொற்றியூருக்குள் திரும்புகிற முனையில் இருந்த அந்தப் பர்கர் கடையில் உட்கார இடம் கிடையாது. ஒரு ஷட்டர், ஒரு தோசைக்கல், ஒரு எண்ணெய்ச் சட்டி, எதிரே கூட்டம். எல்லாமே பார்சல்தான். வாங்கியவர்கள் நாலடி நடந்து, நிற்கிற பைக்கின் மேல் வைத்தே பிரித்துத் தின்பார்கள். ஜுரக்காரர்களுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கிற அதே பன்தான். அதற்குள் பொரித்த கோழியும் கோஸும் வெள்ளையாக ஏதோ ஒன்றும் வைத்துவிட்டதால் எங்கள் ஏரியாவே பைத்தியம் பிடித்து அலைந்தது. எனக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே எரிச்சல்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். அதே ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் நாளெல்லாம் நகராது. அப்படி நிற்கும்போது கோழி பொரிகிற வாசனை கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். இறங்கிப் போய் வாங்கலாம் என்று கதவைத் திறந்தால், அந்த நேரம் பார்த்து முன்வண்டி நகரும், பின்னால் இருப்பவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவான். கடைசிவரை அவர் அதை வாங்கவே இல்லை.

பிறகு ஈரல் கெட்டு வீட்டோடு படுத்தார். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, கறி கூடவே கூடாது. பத்தியத்துக்குக் காவல் என் அம்மா. ஊறுகாய் பாட்டிலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பாள். நைனா தோண்டி எடுப்பார். அவள் பிடுங்குவாள், அவர் விடமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து விலக்க வேண்டியிருக்கும். ஒரு மசால்வடைக்காக எங்கள் வீட்டில் தட்டு பறந்திருக்கிறது. வெட்கக்கேடு என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், பெரிய டாக்டர் அம்மாவையும் என்னையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இனி மருந்துக்குக் கட்டுப்படாது, வீட்டுக்கே அழைத்துப் போய்விடுங்கள் என்றார். நாங்கள் எழுந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்க" என்றார்.

இந்த ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாதவர்கள் நம் ஊரில் யாரும் இல்லை. இத்தனை படித்தவர்கள் இதற்கு வேறொரு வாக்கியம் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆட்டோ ஏறுவதற்குள் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நைனாவுக்குத் தெரியவே கூடாது என்று. தெரிந்த அன்றே மனசு விட்டுவிடுவார் என்பது அவள் பயம். ரத்தம் கொஞ்சம் தேறியிருக்கிறதாம் என்று அவரிடம் சொன்னோம். அவரும் சரி என்று தலையாட்டினார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நைனா பர்கர் வேண்டும் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போய் வாங்கிக்கொண்டு வா என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடையில் வழக்கம்போலக் கூட்டம். காசிமேட்டு மீன்பிடிப் போட்டுகளில் வேலை செய்கிறவர்கள், கல்லூரிப் பெண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தோசைக்கல் அருகே நின்றவர் எனக்கு எப்படி வேண்டும் என்று கேட்டார். காரம் இல்லாமல், எண்ணெயை வடித்து என்று வாய்வரைக்கும் வந்தது. இனி எதற்குப் பத்தியம் என்று தோன்றிவிட்டது. காரம் தூக்கலாக, மயோனைஸும் தாராளமாக வைக்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வெங்காயம் அரிகிற இடத்தில் நின்றதால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். நைனாவின் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். அவர் ஒரு வாய் கடித்து ரொம்ப நேரம் மென்றார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, நீ ஒரு வார்த்தகூட திட்டலியே" என்றார். "டாக்டரு கைய விரிச்சிட்டாரா?"

எதற்காகப் பர்கர் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா திடுக்கிட்டுப்போய், அவசர அவசரமாகத் திட்ட ஆரம்பித்தாள். ஈரல் வெந்து கிடக்கும்போது கோழி கேட்கிற நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்றாள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து தான் பட்ட பாட்டையெல்லாம் இழுத்தாள். வசவுகள் எல்லாம் பழையவைதான், குரல்தான் நடுங்கியது.

"குட்த்துடு இங்க" என்று கையை நீட்டினாள்.

நைனா பர்கரை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதுவரை அவர் எதையும் சண்டை போடாமல் கொடுத்ததே இல்லை.