குழாய் மைக்கும் மூன்று ஜெபக்காரர்களும்

தெருவில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கிற வேலைக்குச் சம்பளமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. மீன்காரியைக் கண்டால் ஆட்கள் கிட்டே வருவார்கள். எங்களைக் கண்டால் செருப்பு அறுந்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கையில் பிரசுரக் கட்டோடு ஏதாவது ஒரு சந்தியில் நின்று பழகிய சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், தொண்டைக் கட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். கூட வருகிறவர்களைத்தான் பொறுக்க முடியாது.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் எங்கள் பங்குக் கோயிலில் ஜெபக் கூட்டம் என்று ஒன்று புதிதாக ஆரம்பித்தார்கள். அதுவரை முழங்காலில் இருந்து ஜெபமாலை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பைச் சூடு பண்ணுவோம். இப்போது கை தட்டிப் பாட வேண்டுமாம், சொந்த வார்த்தையில் சத்தமாக ஜெபிக்க வேண்டுமாம், தெருவில் போகிறவர் தலையில் கை வைக்க வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பரலோக மந்திரம் தெரியும், அருள் நிறை மந்திரம் தெரியும். சொந்த வார்த்தை எனக்குச் சண்டையில் மட்டும்தான் வரும்.

பிறகு ஏன் போனேன் என்றால், எங்கள் வீட்டுக்காரருக்காகப் போனேன். தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற சவரிமுத்து மேஸ்திரி என்றால் பஜாரில் எல்லாருக்கும் தெரியும். அவர் கோயில் படியை மிதித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. "தெருவில் இறங்கிப் பிறத்தியாருக்காக ஜெபிக்கிறவர்களுடைய வீட்டை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சாமியார் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், அவர் என் பக்கத்தில் பூசை பார்க்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களிலும் காய்கறி விற்கிறவர்களிலும் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களோடு பேச ஒரு தமிழ்க்காரி வேண்டியிருந்தது.

சும்மாட்டுக்குக் கிடைத்த ஆசீர்வாதம்

எங்களில் அதிகம் ஜெபிக்கிறவர் பிலோமினா சேச்சி. முன்பு டீச்சராக இருந்தவர். கண்ணை மூடினார் என்றால் அடுத்த சங்கீதம் வரைக்கும் திறக்க மாட்டார். ஒரு நாள் மிளகு கோடவுன் வாசலில், மூட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். தலையில் துணிச் சும்மாடு சுற்றியிருந்தார். சேச்சி அதன்மேலேயே கையை வைத்துக் கண்ணை மூடினார். மலையாளத்தில் ஆரம்பித்து, நடுவில் இங்கிலீஷுக்குப் போய், திரும்பி மலையாளத்துக்கு வந்தார்.

அந்த மனுஷர் முதலில் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். அவர் மெல்லத் தலையைக் கீழே இழுத்துக்கொண்டு, பக்கத்து மூட்டையை அந்த இடத்துக்குச் சாய்த்து, சும்மாட்டை அதன்மேல் விட்டுவிட்டு நழுவினார். சேச்சிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மிளகு மூட்டையின் பாவங்களையெல்லாம் மன்னிக்கச் சொல்லிக் கண்ணீர் விட்டார். அவர் 'ஆமென்' சொல்லிக் கண் திறக்கவும், அந்த ஆள் அடுத்த நடை முடித்துத் திரும்பி வரவும் சரியாக இருந்தது. "முடிஞ்சிருச்சாக்கா? அந்தச் சும்மாட்டைக் குடுங்க, லோடு நிக்குது" என்றார்.

விவரமாகச் சொன்ன ஜெபம்

எங்கள் தலைவர் சாக்கோ சேட்டன். துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குழாய் மைக் அவருடைய சொந்த மைக். அது பழுதானால் ஜெபக் கூட்டமே நின்றுவிடும் என்று நினைக்கிறவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஜெபம் என்றால் பேர், ஊர், காரியம் மூன்றும் சத்தமாகச் சொல்ல வேண்டும். "தெய்வத்தினோட விவரமாயிட்டு பறையணும், ரோசம்மா. இல்லெங்கில் எங்கே கொண்டு கொடுக்கிறது?" என்பார். கேட்டால் ஆண்டவர் ஏதோ தபால் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும்.

மீன் சந்தைப் பக்கம் ஒரு நாள் மேரி என்கிற இளம் பெண் வந்து, சேட்டன் காதில் தன் குறையைச் சொன்னாள். காதில் சொல்வதே பிறத்தியார் கேட்கக் கூடாது என்றுதான். எங்கள் தலைவருக்கு அது புரிந்தால்தானே? மைக்கை வாயில் வைத்து, "கர்த்தாவே! கொச்சங்ஙாடி மேரியுடைய மாமியார் அன்னம்மாவை, எத்தனையும் வேகம் கும்பளங்கியில் மூத்த மகன் வீட்டுக்கு அனுப்பணமே!" என்று சந்தை அதிர வேண்டினார். அன்னம்மா பத்தடி தள்ளி மத்திக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மத்தியை வைத்துவிட்டு நிதானமாக வந்தாள். மேரி முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் கிழவி மருமகளைப் பார்க்கவே இல்லை. சேட்டனைத்தான் பார்த்தாள். "அந்தக் கும்பளங்கி மருமகள்கிட்டயும் ஒரு தடவை மைக்கில் கேளுங்க சேட்டா, அவளுக்குச் சம்மதமான்னு!"

பிராட்வேயில் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் சமயத்தில் படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வே கடைத்தெருவில் நின்றோம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் நின்று, பிரசுரத்தை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, விரலால் தேய்த்துப் பார்த்து, இன்னும் கொடுங்கள் என்று கேட்டார். பிலோமினா சேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிக் கட்டைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பார்த்தால், அவர் முனையில் வண்டி போட்டிருக்கிற கடலைக்காரர். 'மனந்திரும்புங்கள்' என்ற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி அழகாகச் சுருட்டி, வறுத்த கடலை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அன்று எங்கள் பிரசுரத்தை அத்தனை பேர் கையில் கொண்டுசேர்த்தவர் அவர்தான். எங்களைக் கண்டதும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். "சேச்சி, நாளைக்கும் இதே கனத்துல வருமா?"

கை வைக்காத ஜெபம்

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. அங்கே ஒரு மாமி, கோயிலுக்குப் போய்விட்டு ஈரத் தலையும் குங்குமமுமாக வருவார். ஒரு நாள் அவரைக் கண்டதும் சாக்கோ சேட்டன் என்னை முழங்கையால் இடித்து, "தமிழ்! தமிழ்!" என்றார், ஏதோ வலையில் மீன் விழுந்த மாதிரி. எனக்கு வெட்கமாக இருந்தது. தினம் காய்கறிக்கடையில் பார்த்துப் பேசுகிற மாமியிடம் போய் என்னவென்று கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

மாமி கொஞ்சமும் கோபிக்கவில்லை. பெண்ணுக்கு வரன் அமையவில்லை, பாலக்காட்டிலிருந்து பம்பாய்வரை ஜாதகம் போய்வந்துவிட்டது என்று நின்று நிதானமாகச் சொன்னார். இதைக் கேட்டதும் பிலோமினா சேச்சி கையைத் தூக்கிவிட்டார். மாமி சட்டென்று ஓரடி பின்னால் போனார். "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்கோ ரோசம்மா, பேஷா சொல்லுங்கோ. தலையில மட்டும் கை வைக்கச் சொல்லாதேங்கோ, இப்பத்தான் ஸ்நானம் பண்ணிட்டு வரேன்."

முதலில் அவரைக் கூப்பிடுங்கள்

எங்கள் வீட்டுக்காரர் கோயிலை விட்ட கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். செபஸ்தியார் திருவிழாவில் சப்பரத்தின் இடது முன்கம்பு அவருடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் தூக்கி வந்தார். ஒரு வருஷம், வளைகுடாவிலிருந்து வருஷா வருஷம் திருவிழாவுக்கு லீவில் வருகிற லாசர் என்பவனுக்குக் கமிட்டிக்காரர்கள் அந்தக் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். புதுச் சட்டையும் வாசனையுமாக வந்து நின்றான் லாசர். எங்கள் வீட்டுக்காரர் தோளில் போட்டிருந்த சிவப்புத் துணியை மடித்துப் படியில் வைத்துவிட்டு நடந்தார். அதோடு சரி. ஒரு கம்புக்காக மோட்சத்தையே விடுகிற ஆண்பிள்ளை புத்தியை என்ன சொல்வது? ஆளைப் பார்த்துக் கம்பைக் கொடுக்கிற கமிட்டிக்காரர்களின் புத்தியை மட்டும் என்ன சொல்வது?

பள்ளுருத்தி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு நாள் தமிழ்க்கார ஆட்டோ டிரைவர் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்படி நான் நியாயம் பேசினேன். அன்று எனக்குச் சொந்த வார்த்தைகூட நன்றாக வந்தது. அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, சேட்டனும் சேச்சியும் நிற்கும்போதே சொன்னார்: "நீங்க மேஸ்திரி சம்சாரம்தானேக்கா? பூசை நேரத்துல நானும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சுலதான் சாயா குடிக்கிறோம். முதல்ல அவரைக் கூப்பிடுங்க, அவர் எழுந்தா நானும் எழுந்துக்கிறேன்."

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சாக்கோ சேட்டன் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்தார். சொந்த வீட்டில் விளக்கு இல்லாதவர்கள் தெருவில் விளக்குப் பிடிக்கக் கூடாதாம். கூட்டத்தை விட்டு நான் வெளியே போனால் சாமியார் சொன்ன வாக்கும் என்னோடு வெளியே போய்விடும், அதுதான் என் பயம். வீட்டில் அழுதேன், திட்டினேன், சோறு போடும்போது தட்டைச் சத்தமாக வைத்தேன். அவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சேட்டன் கூட்டத்தில் சொன்னது மட்டும் காதிலேயே இருந்தது: "திருவிழாவுக்குள்ளே மேஸ்திரி கோயிலில் வரணும். இல்லெங்கில் ரோசம்மா வீட்டில் இருந்து பிரார்த்திச்சால் போதும்."

வரிசையில் வந்தவர்

திருவிழா அன்று மத்தியானம் கோயில் மைதானத்து ஓரத்தில் எங்களுக்கு ஒரு பந்தல். நடுவில் ஸ்டூல். ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து காதில் சொல்ல, சேட்டன் மைக்கில் சொல்ல, நாங்கள் கை வைக்க வேண்டும். பொரிகடலை தின்றுகொண்டு நின்ற வரிசையில், வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, எங்கள் வீட்டுக்காரர் நின்றார். சேட்டன் முகத்தில் வெற்றி தாங்கவில்லை. பாவி மனந்திரும்பிவிட்டான், அதுவும் தன் மைக்குக்கு முன்னால்! அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் காதைக் கொடுத்தார். ஒவ்வொரு வரியாகக் கேட்டு அப்படியே மைக்கில் விட்டார்.

"கர்த்தாவே! மட்டாஞ்சேரி சவரிமுத்து மேஸ்திரியுடைய சம்சாரம் ரோசம்மா, சந்தியா நேரம் வீட்டில் இருந்து, கணவனுக்குச் சூடாயிட்டு சோறு போடணமே!" மைதானம் சிரித்தது. வாய் பழகிப்போன வேகத்தில் சேட்டனால் நிறுத்த முடியவில்லை, இரண்டாவதும் வந்துவிட்டது: "செபஸ்தியார் சப்பரத்தின் இடது முன்கம்பு மேஸ்திரியுடையது. லாசருக்குக் கொடுத்த கமிட்டிக்காரர்களுக்கு நீ நல்ல புத்தி கொடுக்கணமே!" பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்து, மைக்கைக் கீழே இறக்கினார். அவரும் அந்தக் கமிட்டியில் ஒருவர். என் கை எங்கள் வீட்டுக்காரர் தலையில் இருந்தது. சொந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. அருள் நிறை மந்திரத்தைச் சொல்லி முடித்தேன். திருவிழா மேடையிலிருந்து இறங்கி வந்த சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரோசம்மா, நாளையிலிருந்து நீ ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போ" என்றார். லாசரோ கம்பைத் திருப்பிக் கொடுக்கக் கும்பிடாத குறையாக வந்தான். கம்பு தூக்கித் தூக்கி அவன் தோள் இறங்கிப்போயிருந்ததாம், வெளியே சொல்ல வெட்கமாம்.

அன்று எங்கள் வீட்டுக்காரர் சிவப்புத் துணி போட்டு, இடது முன்கம்பைத் தூக்கி, தெரு முழுக்கச் சுற்றி வந்தார். நான் மெழுகுவத்தியோடு பின்னாலேயே நடந்து அழுதேன். சப்பரம் கோயில் வாசலில் இறங்கியது. மணி அடித்தது, பூசை ஆரம்பிக்கப் போகிறது. எல்லாரும் உள்ளே போனார்கள். அவர் வாசற்படியிலேயே நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க, உள்ளே வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"ஏட்டி, நான் கம்புதானே கேட்டேன்? பூசை கேட்டது நீ. நீ போ."

இத்தனை வருஷம் தெருவில் நின்றதில் நான் கண்டது இவ்வளவுதான்: கேட்டதை ஆண்டவர் கொடுக்காமல் இருப்பதில்லை, ஆனால் கால் வலிக்கத் தெருவில் நின்று கேட்டவர் யார், ஒரு நாள் வரிசையில் வந்து கேட்டவர் யார் என்பதை மட்டும் அவர் சரியாகக் கவனிப்பதில்லை.