மேலடுக்கு

ரோஷன் பேகம் புண்ணைக் கண்டு முகம் சுளித்ததில்லை. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்து கட்டுப் போட்டவள். வெடி விபத்து நடந்த நாட்களில் வராந்தாவிலும் ஆள் கிடக்கும். தோல் உரிந்த முதுகை வாழை இலையிலிருந்து மெல்லப் பிரித்தெடுக்கும்போதும் அவள் முகம் அசையாது.

அவள் முகம் சுளிப்பதெல்லாம் பார்க்க வருகிறவர்களைக் கண்டுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்று ஆறுதல் சொல்லும் மேனேஜர்கள். ஒருவன் கையில் ஆப்பிளைத் திணித்துப் படம் எடுத்துவிட்டு, அதே ஆப்பிளைப் பிடுங்கி அடுத்த கட்டிலில் திணிக்கும் சேவைச் சங்கத்துக்காரர்கள். ஒருநாள் அந்த ஆப்பிளை இடையில் வாங்கி ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு ஒரு மெமோ வந்தது.

முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, விருதுநகரில் புருஷன் அலி அக்பரின் மருந்துக்கடையில் உட்கார்ந்தாள். தேதி முடிந்த மருந்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊதா மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவாள்.

"அவுக எப்படியும் எரிக்கத்தான் போறாக. கோடு எதுக்கு?" என்பார் அலி அக்பர்.

"எரிக்கிற வரைக்கும் அது மருந்து மாதிரியேல்ல இருக்கும்."

வார்டில் அவளோடு வேலை பார்த்த கன்னியாஸ்திரி செங்கோல்மேரி இப்போது ஆப்பிரிக்காவில், மலாவியில் ஒரு மிஷன் கிளினிக்கில் இருக்கிறாள். அங்கே அடுப்பு தரையில். தவழும் பிள்ளைகள் நெருப்பில் கை வைத்துவிடுகின்றன. களிம்பு வாங்க வழியில்லாத ஜனம். வருஷத்தில் ஒருமுறையோ இருமுறையோ, அந்தப் பக்கம் போகிற யார் பெட்டியிலாவது ரோஷன் பேகம் தீக்காயக் களிம்பும் கட்டுத் துணியும் கொடுத்தனுப்புவாள். போன வருஷம் வேறெங்கிருந்தோ வந்த தானப் பார்சலில் இருந்த களிம்பு கெட்டது. அதைப் போட்டு ஒரு பிள்ளையின் கை சீழ் வைத்து, இரண்டு விரலை எடுக்கும்படி ஆயிற்று. அன்றைக்கு செங்கோல்மேரியின் குரல் வாட்ஸப்பில் வந்தது.

"இனிமே நீ பாத்து கையெழுத்துப் போட்ட பெட்டியத்தான் பிரிப்பேன் ரோஷன். உன் கையெழுத்து இருந்தா நான் தேதிகூடப் பாக்க மாட்டேன்."

இந்த வருஷம்தான் இதில் ஊர்ச் சேவைச் சங்கம் உள்ளே வந்தது. தலைவர் பட்டாசு முதலாளி கனகசபாபதி. செயலாளர் காளீஸ்வரன், அவள் தேதி முடிந்த மருந்தைத் திருப்பி அனுப்பும் ஏஜென்சிக்காரர். நாற்பது பெட்டி மருந்து, கப்பல் செலவு, எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார்கள். ரோஷன் பேகத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆமத்தூர் பக்கம் கனகசபாபதியின் கிஃப்ட் பாக்ஸ் குடோன். தீபாவளி சீசன் முடிந்து சும்மா இருந்த பெண்களை வைத்தே மருந்தையும் பெட்டி போட்டிருந்தார்கள். ராக்கெட் படம் போட்ட அட்டைப்பெட்டிமேல் வெள்ளைத்தாள் ஒட்டி, நாற்பதையும் பேனருக்கு முன்னால் அடுக்கியிருந்தது. நாலு மணிக்குத் தூத்துக்குடிக்கு லாரி. அதற்கு முன்னால் போட்டோ.

"வாங்கக்கா. இதுல ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்," என்று காளீஸ்வரன் பட்டியலை நீட்டினார்.

"ஒரு பெட்டியத் தொறங்க."

திறந்தார். மேலே புத்தம் புதுக் களிம்பு, வரிசை பிசகாமல். தேதி முடிய இரண்டு வருஷம் இருந்தது. அவள் பேனாவைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவளின் வலது கை கண்ணில் பட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிய தோல், வார்டில் அவள் கட்டுப் போட்டு ஆற்றியது. முகத்துக்கு முன்னால் அந்தக் கையைத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏ பஞ்சம்மா, நீயா? நல்லா அடுக்கியிருக்கியே."

பஞ்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? கிஃப்ட் பாக்ஸ் கணக்காத்தான் நர்சம்மா. புதுச் சரக்கு மேல, பழைய லோடு அடியில. அடியில யாரு பாக்கப் போறாக?"

பெண்கள் சிரித்தார்கள். காளீஸ்வரன் சிரிக்கவில்லை.

ரோஷன் பேகம் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஊதாப் பெருக்கல் குறி. அவள் போட்டது. மூடியைத் திருகி அமுக்கினாள். முதலில் சாம்பல் தண்ணீர், பிறகு கறுத்த கட்டி.

"எரிக்கிறதுக்குல்ல உங்கள்ட்ட குடுத்தேன்?"

"ஒண்ணுமே இல்லாத ஊரு அக்கா. இதுவாச்சும் இருந்தா நல்லதுதான? தேதிங்கிறது கம்பெனிக்காரன் சும்மா போடுறது."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் மிச்சத்தைப் பிதுக்கினாள். அவர் வெடுக்கென்று உருவிக்கொண்டு பேனரில் துடைத்தார்.

"சீ! என்னக்கா நீங்க!"

"புண்ணே இல்லாத கைக்கே 'சீ'ங்கிறீக."

பஞ்சம்மாள் தன் கையைப் பார்த்தாள். "நர்சம்மா, இது அன்னைக்கு எனக்குப் போட்ட மருந்தா?"

"அதே மருந்துதான். அப்ப கெடல."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே. அடுக்குன்னாக, அடுக்கினேன்." டேப் அறுக்கிற பிளேடை எடுத்துக்கொண்டு பஞ்சம்மாள் கீழே உட்கார்ந்தாள். அடுத்த பெட்டியை அவளே கிழித்தாள்.

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அடியில் ஒரு ஊரே கழித்துப்போட்டது இருந்தது. பாதி குடித்து மூடிய இருமல் மருந்து. மஞ்சள் பூத்த கட்டுத் துணி. யாரோ போட்டுக் கழற்றிய முழங்கால் உறை, உள்ளே இன்னும் முடி ஒட்டிக்கொண்டு. ஒரு பல்செட். பல்செட்டைக் கண்டு ஒருத்தி வெளியே ஓடினாள்.

"இதையெல்லாம் ஓரமா வச்சுருவோம்க்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றார் காளீஸ்வரன்.

"ஓரமா வச்சா அடுத்த வருஷம் வேற ஊருக்குப் போகும். பஞ்சம்மா, ஒவ்வொண்ணா கிழிச்சுப் பிதுக்கு."

கிழித்துப் பிதுக்கினார்கள். சாக்கு நிறைந்து தரையில் வழிந்தது. புளித்த நாற்றம் குடோனெல்லாம் ஏறியது. வார்டில்கூட அவள் இப்படி ஒரு நாற்றத்தில் உட்கார்ந்ததில்லை. அங்கே நாறியது மனுஷ உடம்பு, ஆற வேண்டும் என்று கிடந்த உடம்பு.

மூன்றரைக்குக் கனகசபாபதி போட்டோகிராபரோடு வந்தார். வாசலிலேயே வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, இம்புட்டு அசிங்கம்?"

"இம்புட்டு நேரம் பெட்டிக்குள்ள இருந்துச்சு அண்ணாச்சி."

அவர் காளீஸ்வரனைப் பார்த்தார். காளீஸ்வரன் பேனரைப் பார்த்தார். தேறிய மருந்தைத் திரும்ப அடுக்கியபோது ஒன்பது பெட்டி வந்தது.

"நாப்பதுன்னு பேனர்ல போட்டாச்சே," என்றார் கனகசபாபதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலிப் பெட்டிய ஒட்டி அடுக்குங்க. படத்துல உள்ள இருக்கிறதா தெரியப்போகுது?" நடந்து வரத் தரையில் காலண்டர் தாளை விரிக்கச் சொன்னார். போட்டோகிராபர் அவளையும் கூப்பிட்டார். அவள் போகவில்லை.

பட்டியலில் நாற்பதை அடித்து ஒன்பது என்று எழுதி, ஒன்பது பெட்டியிலும் தாளின் மேல் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டாள். பஞ்சம்மாளும் அவளுமாக லாரியில் ஏற்றினார்கள். உள்ளே யாரோ "சிரிங்க அண்ணாச்சி" என்று சொல்வது கேட்டது.

குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை. ஈரக் கையோடு போனை வாய்க்கருகே பிடித்தாள்.

"ஒம்பது பெட்டி வருது மேரி. அடி வரைக்கும் பாத்துட்டேன்."