ஆத்தா தங்கியிருந்த நாட்கள்

கடுகு வெடிக்கும் சத்தம் நின்றுபோனால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதை எட்டாவது வயதில் தெரிந்துகொண்டேன். வாசலில் வேப்பிலைக் கொத்து. உள்ளே அரைத்த மஞ்சளின் பச்சை வாசனை. நடுவில் வாழை இலைமேல் என் தம்பி வேலு, நாலு வயசுப் பிள்ளை, உடம்பெல்லாம் பெரியம்மை முத்தோடு கிடந்தான். அதை நோவு என்று யாரும் சொல்லமாட்டோம். "ஆத்தா வந்திருக்கா" என்பதுதான் வீட்டுப் பேச்சு.

அப்போது எங்கள் குருவிநத்தம் பிரெஞ்சுக்காரர் சீமை. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீசுக்காரர் சீமை; கரையில் போகிறவர் வருகிறவரை மடக்கிச் சோதிக்கும் சுங்கச் சாவடி. எங்களுக்கோ ஓர் அறையும் தாழ்வாரமுமே சீமையாகிவிட்டன. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை வீட்டார் படி தாண்டக்கூடாது, வெளியார் உள்ளே வரக்கூடாது. எதிர்வீட்டு அத்தை கூழ்ச்சட்டியை வேலியோரம் வைத்துவிட்டு, "அஞ்சல, எடுத்துக்கடி" என்று எனக்குக் குரல் மட்டும் கொடுப்பாள். வெட்டுக்கு நின்ற எங்கள் கரும்பை நரி தின்கிறது என்ற சேதியும் அந்தக் குரலில்தான் வந்தது. அப்பா தாழ்வாரத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். மாடு முரண்டு பிடித்தாலும் அடி எனக்குத்தான் விழும். ஆனால் ஆத்தா இருக்கும் வீட்டில் தாளிக்கக்கூடாது, அழக்கூடாது, ஒருவரையொருவர் வையக்கூடாது. வந்தவள் மனம் கோணிவிடும். முதல் நாளே நான் தண்ணீர்ப் பானையை உருட்டிவிட்டேன். அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா வேப்பிலையைக் காட்டி, "யாரு வந்திருக்கா, பாத்துக்கய்யா" என்றாள். ஓங்கிய கையால் தன் தலையைச் சொறிந்துகொண்டு, "பானைக்குக் காலு வழுக்கிடிச்சி போலக்குது கண்ணு" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைதே பழகிய வாய்க்கு வேறு வேலை இல்லாததால், அப்பா கூத்தில் பார்த்த கதைகளைச் சொல்லத் தொடங்கினார். உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வீமனாக நடந்து காட்டினார். ஒருநாள் எனக்குப் பேன் பார்த்தார். அடிப்பதற்கு அல்லாமல் அவர் கை என் தலைமேல் பட்டது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான். கதவடைத்துக் கிடந்த அந்த வீட்டில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஐந்தாம் நாள் வேப்பிலையைத் தொட்டு வேண்டிக்கொண்டேன்: "ஆத்தா, இன்னும் கொஞ்ச நாளு எங்க வூட்டுலயே இரு."

மறுநாள் வேலுவின் இமைகள் ஒட்டிக்கொண்டன. இளநீர்கூட உள்ளே இறங்கவில்லை. அழக்கூடாத அம்மா சிரித்த முகமாகவே வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. என் வேண்டுதல்தான் பிள்ளையைக் கொல்கிறது என்று நினைத்து, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இன்னாத்துக்குடி அப்பிடிக் கேட்ட?"

"நீ அடிக்காம இருக்கியேப்பா."

அப்பா வேலுவின் தலைமாட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, கொழந்த தெரியாம சொல்லிடிச்சி. நீ தங்கனது போதும். நீ போனப்பறமும் இவமேல கை வைக்கமாட்டேன். ஆத்துச் சாவடியில ஒன்ன எவன் மடக்கப் போறான்? குளுந்து போயிட்டு வா" என்றார். இமைக்குள் கண்ணீரைத் தேக்கி வைத்திருந்த அம்மாவுக்கும் சாவடி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு உண்மையானது.

மாரியாத்தா மனமிரங்கினாள். நாலு நாளில் வேலு கண் திறந்து கூழ் கேட்டான். இடது கண்ணில் மட்டும் பூ விழுந்திருந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் கடுகு வெடித்த அன்று, அப்பா கரும்புக்கு ஓடினார். பாதிக்கு மேல் நரி தின்றிருந்தது. திரும்பி வந்து அவர் போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது. ஆனால் கை எழவில்லை, அதற்குப் பிறகு என்றுமே எழவில்லை. சத்தம் முற்றும்போதெல்லாம் அம்மா பேசாமல் போய் வாசலில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகுவாள். அப்பா பாதிச் சொல்லில் நிறுத்தித் தலையைச் சொறிவார்.

இன்று பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது என்கிறார்கள். சாவடியும் போயிற்று, அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். ஒற்றைக்கண் வேலு பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டான். போன வாரம் என் மகன் தன் பிள்ளைமேல் கை ஓங்குவதைப் பார்த்து, வாசலில் ஒரு கொத்து செருகினேன்.

"யாருக்கு அத்த ஒடம்பு சரியில்ல?" என்று பதறினாள் மருமகள்.

"யாருக்கும் ஒன்னுமில்ல கண்ணு. வூட்டுக்கு ஆத்தா வந்திருக்கா" என்றேன். மகன் திரும்பி வாசலைப் பார்த்தான். ஓங்கிய கை மெல்லத் தலைக்குப் போயிற்று.